பண்டிகை வழியே சமயம்: இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளிகளின் அரை நூற்றாண்டு அனுபவம்

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் ஒவ்வொரு பள்ளியும் சமயக் கல்வி அளிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கணக்கு, அறிவியல் போல அது தேசியப் பாடத்திட்டத்துக்குள் வரும் பாடம் அல்ல. சபைகள் நடத்தும் பள்ளிகள் பலவற்றுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. மற்றப் பள்ளிகளில் என்ன கற்பிப்பது என்பதைப் பொதுவாக அந்தந்தப் பகுதியின் உள்ளாட்சி கூட்டும் மாநாடு முடிவு செய்கிறது. அதில் நான்கு குழுக்கள் உண்டு. ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு ஒன்று, ஏனைய சபைகளுக்கும் சமயங்களுக்கும் ஒன்று, ஆசிரியர் சங்கங்களுக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று. குழுவுக்கு ஒரு வாக்கு. நான்கு குழுக்களும் இணங்கினால்தான் பாடத்திட்டம் நிறைவேறும் என்பதால் அதற்கு ‘ஒப்புதல் பாடத்திட்டம்’ என்றே பெயர். பெற்றோர் விரும்பினால் பிள்ளையை இந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளவும் வழி உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குள் ஐந்து வயது முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கிறித்தவத்தோடு பிற சமயங்களும் கற்பிக்கப்படுகின்றன. சிறு பிள்ளைகளுக்கு உலகச் சமயங்களை எப்படி அறிமுகம் செய்வது என்பதில் இத்தனை காலம், இத்தனை வெளிப்படையாக விவாதித்த நாடுகள் குறைவு. பள்ளிகள் பெரும்பாலும் பண்டிகைகளிலிருந்தே தொடங்கின. அது நல்ல தொடக்கம். ஆனால் பண்டிகையோடு பாடம் நின்றுபோன இடங்களில் குழந்தைகள் சமயத்தைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்துகொண்டார்கள்.

இதன் வேர் 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. பொதுப் பணத்தில் நடந்த வாரியப் பள்ளிகளில் எந்த ஒரு சபைக்கும் உரிய வினாவிடை நூலையோ விசுவாச அறிக்கையையோ கற்பிக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் தடுத்தது. விவிலியம் படிக்கலாம், சபைப் பிரச்சாரம் கூடாது. கிறித்தவச் சபைகளுக்கிடையே இருந்த பூசலை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதுதான் அன்றைய நோக்கம். பிற சமயங்கள் அப்போது யார் நினைவிலும் இல்லை. 1944-இல் வந்த கல்விச் சட்டம் சமய போதனையையும் அன்றாடக் கூட்டு வழிபாட்டையும் கட்டாயமாக்கியது. ஒப்புதல் பாடத்திட்டத்தை எல்லாப் பகுதிகளுக்கும் விதியாக்கியதும் அந்தச் சட்டமே. அப்போதும் பாடம் என்றால் விவிலியப் பாடம்தான்.

இருபது ஆண்டுகளில் அந்த நிலை இரண்டு பக்கமிருந்து ஆட்டம் கண்டது. ஒன்று, குழந்தை உளவியல். 1964-இல் ரொனால்ட் கோல்ட்மன் வெளியிட்ட ஆய்வு, உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளைச் சமயச் சிந்தனைக்குப் பொருத்திப் பார்த்தது. எரியும் புதரின் முன் மோசே, செங்கடலைக் கடந்தது, இயேசு பாலைவனத்தில் சோதிக்கப்பட்டது ஆகிய மூன்று கதைகளைப் பல வயதுப் பிள்ளைகளிடம் சொல்லி அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டார். சிறு பிள்ளைகள் கடவுளை உடலும் குரலும் உள்ள ஒரு மனிதராகவே எடுத்துக்கொண்டார்கள். உருவகம் என்பதே அவர்களுக்கு எட்டவில்லை. பக்குவம் வருவதற்கு முன்பே விவிலியக் கதைகளைத் திணித்தால் தவறான புரிதல் கெட்டிப்பட்டுவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை.

மற்றொன்று, மக்கள்தொகையில் வந்த மாற்றம். பஞ்சாப், குஜராத், பாகிஸ்தான், கரீபியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பர்மிங்காம், பிராட்ஃபோர்டு, லெஸ்டர், சவுத்தால் பள்ளிகளில் சேர்ந்தார்கள். 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது குஜராத்திக் குடும்பங்கள் பல லெஸ்டருக்கு வந்து சேர்ந்தன. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சீக்கியரும் இஸ்லாமியருமாக இருக்கும்போது ஆசிரியர் விவிலியத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

இதற்கான அறிவுத் தளத்தை அமைத்தவர் நினியன் ஸ்மார்ட். 1967-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிவைத்த அவர், எந்தச் சமயத்தையும் சில பரிமாணங்களின் வழியே அணுகலாம் என்றார். சடங்கு, கதை, கோட்பாடு, ஒழுக்கம், சமூக அமைப்பு, அனுபவம் என ஆறு; பின்னாளில் கோயில், சிலை, கருவிகள் போன்ற பொருள்சார் பரிமாணத்தையும் சேர்த்துக்கொண்டார். சமயம் உண்மையா என்று தீர்ப்புச் சொல்வது பள்ளியின் வேலை அல்ல. அதைக் கடைப்பிடிப்பவருக்கு அது என்னவாக இருக்கிறது என்று பரிவோடு புரிந்துகொள்வதே வேலை. 1971-இல் பள்ளிகள் மன்றம் வெளியிட்ட 36-ஆவது பணி அறிக்கை இந்தப் பார்வையை உயர்நிலைப் பள்ளிகளுக்கு முன்வைத்தது. தொடக்கப்பள்ளிகளுக்கான கையேடு 1977-இல் வந்தது.

இதற்கிடையே 1969-இல் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஷாப் என்ற சிற்றூரில் கூடிய ஆசிரியர்களும் பேராசிரியர்களும் ஒரு பணிக்குழுவை அமைத்தார்கள். ஷாப் பணிக்குழு ஆண்டுதோறும் வெளியிட்ட சமயப் பண்டிகை நாட்காட்டி ஆசிரியர் அறைகளில் தொங்கியது. கல்விக் கோட்பாட்டு நூல்களை விட அந்த நாட்காட்டிதான் தொடக்கப்பள்ளி வகுப்புகளை மாற்றியது என்று சொன்னால் தவறில்லை. அக்டோபரில் எந்தத் தேதி தீபாவளி, எந்த வாரம் நோன்பு தொடங்குகிறது, வைசாக்கி என்றால் என்ன என்பதெல்லாம் ஓர் ஆங்கிலேய ஆசிரியரின் கைக்கு முதன்முறையாக ஒரே தாளில் வந்து சேர்ந்தன.

பர்மிங்காம் நகரம் 1975-இல் வெளியிட்ட ஒப்புதல் பாடத்திட்டம் பல சமயங்களைச் சமமாக எடுத்துக்கொண்டது. கம்யூனிசத்தையும் ஒரு வாழ்க்கை நோக்காக அதில் சேர்த்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. 1988-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒரு சமரசத்துக்கு வந்தது. புதிய பாடத்திட்டங்கள் பிரிட்டனின் சமய மரபுகள் முதன்மையாகக் கிறித்தவமே என்பதைக் காட்ட வேண்டும். அதோடு நாட்டிலுள்ள பிற முக்கியச் சமயங்களின் போதனைகளையும் நடைமுறைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ‘போதனை’ என்ற பழைய சொல் போய்ச் சட்டத்தில் ‘கல்வி’ என்ற சொல் வந்ததும் அப்போதுதான். 1994-இல் வந்த மாதிரிப் பாடத்திட்டங்கள் கிறித்தவம், இஸ்லாம், யூதம், இந்து சமயம், சீக்கியம், பௌத்தம் என்ற ஆறையும் அந்தந்தச் சமூகத்தவரைக் கலந்தே வகுத்தன.

பண்டிகை ஏன் இவ்வளவு எளிதாக வகுப்பறைக்குள் வந்தது? ஸ்மார்ட் சொன்ன பரிமாணங்கள் அத்தனையும் ஒரு பண்டிகையில் கூடி நிற்கின்றன. ஒரு கதை, ஒரு சடங்கு, ஒரு பலகாரம், கூடிவரும் உறவினர், கொடுக்க வேண்டிய தானம் எல்லாம் ஒரே நாளில். யூதர்களின் பாஸ்கா இரவு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. மேசையில் ஒரு தட்டு. அதில் கசப்பான குதிரைமுள்ளங்கி வேர், அடிமை வாழ்வின் கசப்புக்கு. உப்புநீரில் தோய்த்த கீரை, கண்ணீருக்கு. ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் பட்டைத்தூளும் சேர்த்து அரைத்த விழுது, எகிப்தில் அவர்கள் குழைத்த சாந்துக்கு. அவசரத்தில் புளிக்கவைக்க நேரமில்லாமல் சுட்ட அப்பத்தின் நினைவாகத் தட்டையான மாட்சா. இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும். பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்ல வேண்டும். ஒளித்துவைத்த மாட்சாத் துண்டைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பதும் உண்டு. குழந்தை கேள்வி கேட்பதே வழிபாட்டின் பகுதியாக இருக்கும் ஒரு சடங்கை ஏழு வயதுப் பிள்ளைக்கு விளக்க நீண்ட முன்னுரை தேவையில்லை.

நாட்காட்டியே ஒரு நல்ல பாடம். இஸ்லாமிய ஆண்டு சந்திரனின் கணக்கில் 354 அல்லது 355 நாள் என்பதால் ரமலான் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னால் நகரும். 2023-இல் ஏப்ரல் பிற்பகுதியில் வந்த நோன்புப் பெருநாள் 2025-இல் மார்ச் இறுதிக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே அலையும். சூரியக் கணக்கைப் பின்பற்றும் வைசாக்கி அதிகம் நகர்வதில்லை. ஏப்ரல் நடுவில் சீக்கியக் குழந்தை குருத்வாராவுக்குப் போகும் வேளையில்தான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் தமிழ்க் குழந்தை சித்திரைப் புத்தாண்டுக்குப் புத்தாடை உடுத்துகிறது. இரண்டுக்கும் காரணம் சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவது. ஆண்டு முழுவதும் வகுப்புச் சுவரில் இந்த நாட்களைக் குறித்துவந்தால் வானியல், கணக்கு, சமயம் மூன்றும் பிள்ளைகளின் மனத்தில் இணைந்து நிற்கும்.

கோளாறு தொடங்குவதும் இங்கேதான். மூன்று வாரத்துக்கு ஒரு பண்டிகை என்று அட்டவணை போட்ட பள்ளிகளில் தீபாவளிக்குக் களிமண் விளக்கு, ஹனுக்காவுக்குப் பம்பரம், சீனப் புத்தாண்டுக்குக் காகித டிராகன் என்று கைவேலையாகவே பாடம் முடிந்துபோனது. கிறிஸ்துமஸ் காலத்தில் வருகிறது என்ற ஒரே காரணத்தால் ஹனுக்காவுக்குக் கிடைத்த இடம், யூதக் குடும்பங்களில் அதைவிடப் பலமடங்கு கனமான சபாத் என்ற ஓய்வுநாளுக்குக் கிடைக்கவில்லை. சபாத் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை வருகிறது; அதில் செய்துகாட்ட ஒரு பொம்மையும் இல்லை. ஐந்து வேளைத் தொழுகை, குருத்வாராவில் அன்றாடம் நடக்கும் லங்கர் உணவு, காலையில் பூசை அறையில் ஏற்றும் விளக்கு என, சமயம் உயிரோடு இருப்பது பெரும்பாலும் பண்டிகை அல்லாத நாட்களில்தான். அந்த நாட்களுக்குப் பாடத்தில் இடமில்லை என்றால், பிற சமயத்தார் எப்போதும் அலங்காரத்தோடு ஆடிப்பாடிக்கொண்டிருப்பவர்கள் என்ற சித்திரமே குழந்தையின் மனத்தில் மிஞ்சும்.

இன்னொரு கோளாறு, ஒரு பண்டிகைக்கு ஒரே கதைதான் என்று எண்ணிக்கொள்வது. இங்கிலாந்தின் வகுப்புகளில் தீபாவளி என்றால் இராமனும் சீதையும் அயோத்திக்குத் திரும்பிய நாள். பத்துத் தலை முகமூடி, வரவேற்க விளக்கு. வட இந்திய மரபுக்கு அது சரி. லெஸ்டரின் குஜராத்தி வணிகக் குடும்பத்தில் அன்று இலட்சுமி பூசையும் கணக்குப் புத்தகப் பூசையும் நடக்கும். அதையடுத்து அவர்களுக்குப் புத்தாண்டு. சீக்கியருக்கு அது குரு ஹர்கோவிந்த் குவாலியர்ச் சிறையிலிருந்து விடுபட்டதை நினைக்கும் நாள். சமணருக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். தமிழ் இந்துப் பிள்ளைக்கோ நரகாசுரன் கதை, விடியும் முன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, புது உடுப்பு. அந்தப் பிள்ளை வகுப்பில் இராமன் கதையைக் கேட்டு வீட்டுக்கு வந்து, ‘அம்மா, நாங்கள் பிழையாகவா கொண்டாடுறம்?’ என்று கேட்டால், பள்ளி ஒரு சமயத்தைக் கற்றுக்கொடுக்கப் போய் அந்தச் சமயத்தைச் சேர்ந்த குழந்தையையே வெளியே நிறுத்திவிட்டது என்று பொருள்.

லண்டன் தமிழரில் பலர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். ஆனால் அவரவர் சமயத்தை அவரவர் படிப்பார்கள். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தம். அந்த முறையில் படித்து வந்த தாய்தந்தையருக்கு, மகன் பள்ளிவாசலின் படம் வரைந்துகொண்டு வருவது முதலில் புதிராக இருப்பதில் வியப்பில்லை. இலங்கை முறையில் பிள்ளை தன் சமயத்தை ஆழமாகக் கற்கும், பக்கத்து வாங்கில் இருப்பவரின் சமயம் தெரியாமலே வளரலாம். இங்கிலாந்து முறையில் பலவற்றைத் தொட்டுப் பார்க்கும், ஒன்றிலும் ஆழம் இல்லாமல் போகலாம். சொந்தச் சமயத்தை ஊட்டும் பொறுப்பு அங்கே வீட்டுக்கும் கோயிலுக்கும் சேர்கிறது. மேற்கு லண்டன் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் தேர் ஆகஸ்டில் வீதிக்கு வரும்போதும், தமிழ்க் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் வால்சிங்கம் திருத்தலத்துக்கு யாத்திரை போகும்போதும் பிள்ளைகள் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பும் தர முடியாது. அந்தத் தேரையும் யாத்திரையையும் பார்த்த பிள்ளையின் அனுபவத்துக்குப் பள்ளிப் பாடம் இடம் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

பண்டிகை அட்டவணையைத் தாண்டிச் செல்ல இரண்டு முயற்சிகள் வழிகாட்டின. ஒன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹல், மைக்கேல் கிரிமிட் முதலியோர் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட ‘குழந்தைக்கு ஒரு பரிசு’ திட்டம். கோல்ட்மனின் எச்சரிக்கையை வேறு திசையில் எடுத்துச்சென்றது அது. குழந்தைக்குக் கோட்பாடு புரியாது, சரி. ஆனால் ஒரு புனிதப் பொருளின் முன் வியந்து நிற்க அதற்குத் தெரியும். எனவே ஒரு சமயத்தின் வரலாறு முழுவதையும் சுருக்கிச் சொல்லாமல், அதிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து நீண்ட நேரம் பார்க்கச் சொன்னார்கள். லூர்து மாதா சிலை, பாங்கொலி, தேவதூதர், குரு நானக்கின் பாடல், பிள்ளையார் சிலை ஆகியவை அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் சில.

பிள்ளையார் பாடத்தின் போக்கு நான்கு கட்டங்கள் கொண்டது. முதலில் குழந்தையின் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு தொடர்பு உண்டாக்கப்படும். பிறகு சிலையை நெருங்கிப் பார்க்கும் கட்டம். யானைத் தலை, ஒடிந்த தந்தம், கையில் இனிப்பு, காலடியில் எலி என்று கண்டுபிடித்துச் சொல்ல அதில் எவ்வளவோ இருக்கிறது. மூன்றாவதாக அந்தச் சிலையைச் சொந்தமாகக் கொண்ட ஓர் இந்துக் குழந்தையை அறிமுகப்படுத்துவார்கள். அது எங்கே வைத்திருக்கிறது, என்ன செய்கிறது என்பது தெரியவரும். இந்தக் கட்டத்துக்கு இரட்டைப் பயன் உண்டு. சிலை ஒரு விளையாட்டுப் பொம்மை அல்ல என்பது புலப்படும்; ‘இது அந்தப் பிள்ளையின் சாமி, நீ கும்பிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை’ என்ற இடைவெளியும் கிடைக்கும். கடைசியில், பார்த்தவற்றிலிருந்து தனக்கு என்ன கிடைத்தது என்று குழந்தை யோசிக்கும். தடை வந்தால் யாரிடம் உதவி கேட்பாய் என்ற கேள்விக்குக் கிறித்தவப் பிள்ளையும் சமயம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் பதில் சொல்ல முடியும். ஒரு சமயத்தைப் பற்றிக் கற்பதும் அதிலிருந்து கற்பதும் வேறு வேறு, இரண்டும் வேண்டும் என்று கிரிமிட் வற்புறுத்தியதன் சாரம் இதுதான். இத்தனை வழிகளில் இதுவே சிறு பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துவது என்று தோன்றுகிறது.

இரண்டாவது முயற்சி வாரிக் பல்கலைக்கழகத்துடையது. ராபர்ட் ஜாக்சனும் எலனோர் நெஸ்பிட்டும் இந்துக் குடும்பங்களுக்குள் போய், பிள்ளைகள் உண்மையில் எப்படிச் சமயத்தோடு வளர்கிறார்கள் என்று கவனித்து எழுதிய நூல் 1993-இல் வந்தது. ‘இந்து சமயம்’ என்ற பெரிய பெயரிலிருந்து தொடங்காமல் ஒரு குழந்தையிலிருந்து தொடங்கு. அந்தக் குழந்தை சேர்ந்திருக்கும் குழு, சாதி, மொழி, பக்தி மரபு ஆகியவற்றைப் பார். பிறகு பெரிய மரபுக்குப் போ என்பது ஜாக்சன் 1997-இல் விரிவாக எழுதிய அணுகுமுறை. வகுப்பில் அதன் விளைவு எளிது: ‘பௌத்தர்கள் இப்படிச் செய்வார்கள்’ என்று சொல்வதற்குப் பதில், இலங்கை வழிப் பௌத்தக் குடும்பம் ஒன்று மே மாதப் பௌர்ணமியில் வெசாக் கூடு கட்டுகிறது, ஜப்பானில் புத்தர் பிறப்பு ஏப்ரல் 8-இல் நினைக்கப்படுகிறது என்று சொல்வது.

இதில் ஆசிரியர் தவிர்க்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. வகுப்பில் இருக்கும் ஒரே முஸ்லிம் பிள்ளையை எழுப்பி, நோன்பைப் பற்றி நீயே சொல் என்பது மரியாதை போலத் தெரிந்தாலும் அது சுமை. ஏழு வயதில் யாரும் ஒரு சமயத்தின் பிரதிநிதி அல்ல. அந்தப் பிள்ளையின் வீட்டில் நோன்பு தளர்வாகவும் இருக்கலாம். தானாகப் பேச முன்வரும் பிள்ளைக்கு இடம் கொடுப்பதே முறை.

வழிபாட்டிடங்களுக்கு அழைத்துச்செல்வது பாடத்திட்டங்கள் பலவற்றில் இருக்கிறது. அதன் நெறிகள் அனுபவத்தில் தெளிந்தவை. போவதற்கு முன்பே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். குருத்வாராவில் தலையை மூடிச் செருப்பைக் கழற்றுவது வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பண்பு. அதை எல்லாப் பிள்ளைகளும் செய்யலாம். சீக்கிய வேதநூலான குரு கிரந்த சாகிப் முன் நெற்றி தரையில் படப் பணிவது சமயத்தவரின் வணக்கம். அதைச் செய்யச் சொல்லக் கூடாது. கோயிலில் தரும் பிரசாதத்தைப் பணிவாக மறுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளையும் தவிக்காது, தருபவர் மனமும் நோகாது. பள்ளியில் பூசையையோ தொழுகையையோ நாடகமாக நடித்துக்காட்டக் கூடாது. நபியின் உருவத்தை வரையச் சொல்லக் கூடாது. கிறிஸ்துமஸையும் பிறந்தநாளையும் கொண்டாடாத யெகோவாவின் சாட்சிகள் வீட்டுப் பிள்ளைக்கு அன்று வேறு வேலை ஆயத்தமாக இருக்க வேண்டும். பார்ப்பது, கேட்பது, கேள்வி கேட்பது பள்ளியின் எல்லைக்குள். வழிபடுவது எல்லைக்கு வெளியே. இந்தக் கோடு தெளிவாக இருக்கும் இடங்களில் பெற்றோரின் அச்சம் பெருமளவு குறைகிறது.

புதிய கேள்வி சமயமே இல்லாத பிள்ளைகளைப் பற்றியது. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சமயம் இல்லை என்றவர்கள் 25.2 விழுக்காடு, 2021-இல் 37.2. கிறித்தவர் என்றவர்கள் 59.3-இலிருந்து 46.2-க்கு இறங்கினார்கள், முஸ்லிம்கள் 6.5, இந்துக்கள் 1.7, சீக்கியர் 0.9 விழுக்காடு. 2018-இல் சமயக் கல்விக்கான ஆணையம் பாடத்தின் பெயரையே ‘சமயமும் உலகநோக்குகளும்’ என்று மாற்றி, மனிதநேயக் கொள்கை போன்றவற்றுக்கும் இடம் தரப் பரிந்துரைத்தது. ஒரு வகுப்புக்குள் இத்தனையையும் அடைத்தால் எல்லாம் நீர்த்துவிடும் என்று எதிர்த்தவர்களும் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. வேல்ஸ் 2022-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் ‘சமயம், விழுமியங்கள், ஒழுக்கவியல்’ என்ற பாடத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையையும் நீக்கியது. ஒரு சமயத்தைத் திணிக்காத பாடத்துக்கு விலக்கு எதற்கு என்பது அதற்கான வாதம்.

நடைமுறையில் பெரிய தடை நேரமும் பயிற்சியும். 1990-களின் நடுவில் ஏற்கப்பட்ட கணக்குப்படி ஐந்து முதல் ஏழு வயது வரை ஆண்டுக்கு 36 மணி நேரமும் அதற்குமேல் 45 மணி நேரமும் இந்தப் பாடத்துக்கு வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அளவு. தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் எடுக்கிறார். அவருடைய பயிற்சிக் காலத்தில் சமயக் கல்விக்குக் கிடைத்திருப்பது மிகச் சில மணி நேரங்கள். 2024-இல் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் வெளியிட்ட அறிக்கை, பல பள்ளிகளில் பாடம் பல சமயங்களையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்கிறது, பிள்ளைகள் கற்றது நினைவில் தங்குவதில்லை என்ற குறையைச் சுட்டியது. ஆண்டுக்கு ஆறு சமயங்களிலிருந்தும் ஆறு பண்டிகை என்று ஓடுவதை விட்டு, இரண்டு ஆண்டுகளில் மூன்று சமயங்களை எடுத்துக்கொண்டு வீடு, வழிபாட்டிடம், கதை, பண்டிகை என ஒவ்வொன்றிலும் தங்கிச் செல்லும் பாடத்திட்டங்களை உள்ளாட்சிகள் சில வகுத்திருக்கின்றன. அங்கே தீபாவளி வரும்போது பிள்ளைகளுக்கு இந்து வீட்டின் பூசை அறையும் அங்கே ஏற்றும் விளக்கும் ஏற்கனவே தெரிந்திருக்கும்.